தண்ணி எப்படி?

பரோட்டாக் கல்லில் மாஸ்டர் கொத்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் பேச வேண்டுமானால் அவர் கரண்டியை நிறுத்தி மூச்சு வாங்கும் இடைவெளியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மதுரையில், தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து முனை. தெருவிலேயே பெஞ்சு போட்டிருந்தார்கள். சால்னா வாசமும் பக்கத்துக் கூடையிலிருந்து மல்லிகை வாசமும் ஒன்றாக வந்தன. அந்த ஊரில் இரண்டையும் பிரித்து முகர முடியாது.

பெஞ்சில் நாங்கள் மூன்று பேர்: நான், என் அக்காவின் கணவர் முத்துராக்கு, அவர் மகள் காளீஸ்வரி. மூவரும் பிறந்ததிலிருந்தே மதுரையில் குடியிருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தோம். அப்படி உட்காரச் சொல்லி நான்தான் உத்தரவு போட்டிருந்தேன்.

கரண்டி நின்றது. மச்சான் தொண்டையைச் செருமினார். காலையிலிருந்து வாயில் அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்கப்போகிறார் என்று தெரிந்தது. காளீஸ்வரி பிய்த்த பரோட்டாவை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தாள். அவளுடைய கல்யாணம் அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எதற்காக வந்தோம்

நான் இந்தப் பக்கங்களில் ஆபீஸ் கதைகளையே எழுதுவதாக என் மனைவி போன வாரம் குறைப்பட்டாள். ஆகவே இந்த வாரம் கல்யாணக் கதை. இதிலும் ஆபீஸ் வரும். தவிர்க்க முடியாது.

மச்சானுக்கு ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். பெரிய கண்மாய்ப் பாசனம், நல்ல நெல் வயல். கண்மாய் நிறைந்தால் கடல் மாதிரி இருக்கும். ஆனால் குடிப்பதற்கு ஊருணிக்குத்தான் நடக்க வேண்டும். ஊருணி வற்றினால் அடுத்த ஊர் ஊருணி. என் அக்கா ஒரு கோடையில் இடுப்புக் குடத்தோடு ஊருணிப் படியில் சறுக்கி விழுந்தாள். அதற்குப் பிறகு அவள் நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை.

அன்றைக்கு மச்சான் ஒரு முடிவு எடுத்தார். "எம் மக இடுப்புல புள்ள இருக்கலாம். கொடம் இருக்கக் கூடாது." வீட்டுக்குள் குழாய் இருக்கிற இடத்தில்தான் பெண் கொடுப்பது என்று அதற்கு அர்த்தம்.

இது அவர் ஒருவரின் விசித்திரம் இல்லை. எங்கள் மாவட்டத்தில் சம்பந்தம் பேசும்போது முதலில் விழும் கேள்வியே "தண்ணி எப்படி?" என்பதுதான். ஏர்வாடிப் பக்கம் கடலோர ஊர்களில் மணலைத் தோண்டி, ஊறுகிற நீரைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவார்கள். அங்கே ஒரு நிலத் தகராறு விசாரணைக்குப் போனபோது பக்கத்து வீட்டில் நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "மாப்பிள்ளை சவூதியில இருக்காரு" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். பெண்ணின் தகப்பனார், "அல்ஹம்துலில்லாஹ். அது கெடக்கட்டும், வீட்டுல தண்ணி எப்படி?" என்றார்.

எங்கள் பக்கத்திலும் குடிகாரர்கள் உண்டு. ஆனால் அவர்கள் குடிப்பதை நாங்கள் சாராயம் என்போம். தண்ணி என்ற சொல்லை அதற்கு இரவல் கொடுக்கும் அளவுக்கு எங்களிடம் தண்ணீர் இல்லை.

காளீஸ்வரிக்கு வந்த வரன் வீட்டார் மதுரைக்காரர்கள். பூர்வீகம் அபிராமம். தகப்பனார் காலத்தில் மதுரைக்கு வந்து அச்சாபீஸ் வைத்தவர்கள். பையன் அந்த அச்சாபீஸையே பார்த்துக்கொள்கிறான். அபிராமத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் காளீஸ்வரி அவனைப் பார்த்திருக்கிறாள். அவன் பாயசம் பரிமாறியதாகவும், அவள் போதும் என்று சொல்ல மறந்துவிட்டதாகவும் அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

பெண் பார்க்க வரச் சொல்வதற்கு முன்னால் விசாரிக்க வேண்டும். விசாரணை என்றால் என்னைவிட்டால் குடும்பத்தில் வேறு ஆள் கிடையாது. நான் வருவாய்த் துறை. வாரிசுச் சான்று, வருமானச் சான்று எதுவானாலும் அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் அறிக்கை எழுத வேண்டும். மனுதாரர் வீட்டு வாசலை மிதிக்காமல், சம்பந்தமில்லாத மூன்று பேரிடம், அவர்களுக்குச் சந்தேகம் வராதபடி கேட்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் கையெழுத்துப் போடலாம்.

உள்ளூர்க்காரனாக இருப்பது

வெளியூர்க்காரன் கேட்டால் தெரு உண்மையைச் சொல்லாது. ஆகவே முதலில் மதுரைக்காரர்களாக மாற வேண்டும். அதற்கு நான் தகுதியானவன். கல்லூரிப் படிப்பு மதுரையில். அதன் பிறகும் ராமநாதபுரம் மாவட்டத்தின் கலெக்டர் ஆபீஸ் பல காலம் மதுரையில்தான் இருந்தது. இதை நம்பாதவர்கள் அந்தக் காலத்து ஆட்களை விசாரிக்கலாம். எங்கள் கலெக்டரைப் பார்க்க நாங்கள் அடுத்த மாவட்டத்துக்குப் பஸ் ஏறினோம். கோப்பு உள்ளே போய் வெளியே வருவதற்குள் நான் ஊரைச் சுற்றி முடித்துவிடுவேன்.

பஸ்ஸில் வரும்போதே பாடம் எடுத்தேன். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கக் கூடாது. மதுரைக்காரன் கோபுரத்தைப் பார்ப்பதே இல்லை, அதை வைத்து வழி சொல்வதோடு சரி. மகாலில் ஒலி-ஒளிக் காட்சி பார்க்க ஆசைப்படக் கூடாது. உள்ளூரில் யாரும் அதைப் பார்த்ததில்லை. ஓட்டலில் கடல் மீன் கேட்பது கழுத்தில் பலகை மாட்டிக்கொள்வதற்குச் சமம். அயிரை மீன் குழம்பு கேட்கலாம். முக்கியமாக, 'இங்கன, அங்கன' கூடாது.

"அப்ப என்னன்னு சொல்றது?" என்றார் மச்சான்.

"இங்கிட்டு, அங்கிட்டுன்னு சொல்லணும்யா" என்றாள் காளீஸ்வரி. அவள் ஏற்கெனவே மாறிவிட்டிருந்தாள்.

வைகைப் பாலத்தில் பஸ் ஏறியதும் மச்சான் எழுந்து நின்று பார்த்தார். சித்திரை மாதம். அழகர் இறங்கிப் போய்ச் சில நாட்கள் ஆகியிருந்தன. ஆற்றில் மணலும் சலவை செய்து காயப்போட்ட வேட்டிகளும்தான்.

"மாப்ள, ஆத்துலயே தண்ணியில்ல. இவய்ங்க வீட்டுக் கொழாயில எங்கிட்டு இருந்து வரும்?"

"எங்கிட்டு சரியா வந்துருச்சு மச்சான்" என்று பாராட்டினேன்.

முதல் தோல்வி மதியச் சாப்பாட்டில். சர்வர் தம்ளரில் தண்ணீர் ஊற்ற ஊற்ற, மச்சான் குடித்துக்கொண்டே இருந்தார். நிறைந்த தம்ளரை வைத்துவிட்டு எழுவது எங்கள் பக்கத்தில் சோற்றைக் கொட்டுவதைவிடப் பெரிய பாவம். காலித் தம்ளரைக் கண்டால் ஊற்றுவது சர்வரின் தொழில். இரண்டு தர்மமும் மோதின. நாலைந்து தம்ளர் ஆனதும் சர்வர் குனிந்து, "அண்ணே, ராம்நாடா?" என்று கேட்டான்.

விளக்குத்தூண் பக்கத்தில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். நிற்கும் விதம் உண்டு: கடையை ஒட்டி, தெருவைப் பார்த்து, ஒரு காலில் பாரம் போட்டு நிற்க வேண்டும். பாலும் கடற்பாசியும் ஐஸும் நாக்கில் இறங்கியதும் மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். "கடப்பாசி நம்ம பக்கத்துச் சரக்குல்ல? நம்ம கடல்ல எடுத்து இங்கிட்டு வந்து காசாக்குறாய்ங்க" என்றார். பிறகு, "ஐசுக்குத் தண்ணி எங்கருந்துப்பா?" என்று கடைக்காரரிடம் கேட்டார். கடைக்காரர் சுகாதார இலாகாவோ என்று பயந்து எங்களுக்கு இன்னொரு கரண்டி ஐஸ்கிரீம் வைத்தார்.

ராட்டினமும் குழாயும்

வெயில் தாழ்ந்ததும் தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சி. உள்ளூர்க்காரன் அங்கே எதையும் வாங்க மாட்டான். டெல்லி அப்பளம் மட்டும் சாப்பிடுவான். அது முகத்தைவிடப் பெரிதாக இருக்கும். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் சுற்றும்போது பலகை அதிர்வது கால் வழியாக ஏறும். அரசுத் துறை அரங்குகளில் எங்கள் துறை அரங்கும் இருந்தது. அதற்குள் ஒரு ஊழியரும் ஒரு மின்விசிறியும் தவிர யாரும் இல்லை. மரியாதைக்காக எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஓரிடத்தில் கூட்டம். அந்தரத்தில் ஒரு குழாய் தொங்கியது. பின்னால் எந்த இணைப்பும் இல்லை. ஆனால் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மச்சான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"உள்ளுக்குள்ள கண்ணாடிக் கொழா இருக்குய்யா. அது வழியா மேல ஏறி, வெளியில வழியுது. ஒரே தண்ணிதான் திரும்பத் திரும்ப வருது" என்றாள் காளீஸ்வரி.

மச்சான் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப மதுரையில கொழாய்னா இதுதானா? பாக்குறதுக்கு மட்டும்?"

அவரை அங்கேயே நிற்க விட்டுவிட்டு, நானும் காளீஸ்வரியும் ராட்டினத்தில் ஏறினோம். மேலே போய் ஒரு கணம் நின்றது. கீழே ஊர் முழுக்க விளக்கு. தியேட்டர் வாசல்கள், சைக்கிள் ரிக்‌ஷா மணிகள், எங்கோ ஒரு கோயில் நாயனம். அந்த நேரத்துக்கு எங்கள் ஊர்களில் நாய்கள்கூடப் படுத்திருக்கும்.

"மாமா, அய்யா வேணாம்னுருவாரா?"

"விசாரணை முடியட்டும் ஆத்தா."

"எனக்கு இந்த ஊரு வேணும் மாமா. அவுகளும் வேணும்." சொல்லிவிட்டு, சொன்னது ராட்டினத்தின் மேலே என்பதால் கணக்கில் சேராது என்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று சாட்சிகள்

இனி பரோட்டாக் கடைக்குத் திரும்பலாம். கரண்டி நின்றது என்றேனே, அந்த இடம்.

நான் வானிலையில் ஆரம்பித்து மெதுவாகக் கொண்டுபோகலாம் என்றிருந்தேன். மச்சான் நேராகவே இறங்கிவிட்டார்.

"தம்பி, இந்தச் சந்துல பிரஸ்காரரு வீடு இருக்குல்ல. அவுக வீட்டுல தண்ணி எப்படி?"

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "யாரு, பிரஸ்காரர் வீட்டுலயா? என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீக! அந்த வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது."

"ஒரு சொட்டுமா?"

"மருந்துக்குக்கூடக் கெடையாதுண்ணே. இந்தச் சந்துலயே தண்ணி இல்லாத வீடு அது ஒண்ணுதான்."

"மத்த வீட்டுலல்லாம்?"

"மத்த வீட்டுலயா? சாயங்காலம் ஆச்சுன்னா ஆறா ஓடும்" என்று சொல்லி மாஸ்டர் மறுபடி கொத்த ஆரம்பித்தார்.

மச்சான் கை கழுவப் போனார். காளீஸ்வரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாட்சியை வைத்து முடிவுக்கு வருவது விதிக்கு விரோதம் என்று நான் சொன்னேன். எதிரில் இஸ்திரி வண்டி. கரிப் பெட்டியை ஊதிக்கொண்டிருந்த பெரியவரிடம் நானே கேட்டேன்.

"அந்தப் பய தண்ணி பக்கமே போனதில்ல சார். அவுக அம்மா விட்ருமா? தண்ணி வாடை அடிச்சாலே வீட்டுக்குள்ள சேக்காது."

"தண்ணி வாடை அடிக்குமா?" என்றார் மச்சான், பீதியுடன்.

"பின்ன? குப்புன்னு அடிக்கும்ல."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. குழாய் உடைந்து சாக்கடை கலந்திருக்கிறது. நாற்றம் தாங்காமல் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மறு இணைப்புக்கு மனு போட்டு, மேஸ்திரி வந்து பார்த்து, பொறியாளர் ஒப்புதல் கொடுத்து, தெருவைத் தோண்ட உத்தரவு வருவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். இதை மச்சானிடம் விளக்கினேன்.

மூன்றாவது, பூக்காரம்மா. நாரில் மல்லிகையை வைத்து முடிந்துகொண்டே சொன்னார்: "பிரஸ்காரரு முந்தி நல்லாத் தண்ணிதான்ப்பா. அதுல அந்த வீடு பட்ட பாடு! ஒரு நாள் அழகர் கோயில்ல சத்தியம் பண்ணி விட்டாரு. அதோட சரி. இன்னக்கி வரைக்கும் தண்ணி கெடையாது."

மச்சான் என்னைப் பார்த்தார். "சாமி மேல சத்தியம் பண்ணியா கொழாய வெட்டி விட்டான்?"

"ரோஷக்காரர் போல" என்றேன்.

மதுரையில் படித்த எனக்கு எப்படி உறைக்கவில்லை என்று கேட்கலாம். அந்தக் கோடையில் ராமநாதபுரத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவது நின்றுபோயிருந்தது. விடியும் முன்னே தள்ளுவண்டியில் குடங்களோடு வரிசையில் நின்றுவிட்டு ஆபீஸுக்குப் போனவன் நான். அப்படிப்பட்டவன் காதில் தண்ணி என்று விழுந்தால் தண்ணீர்தான் விழும். என் நடைமுறையில் பிழையில்லை. மூன்று சாட்சிகளும் கச்சிதமாக ஒத்துப்போனார்கள். கேள்விதான் தவறு. அரசாங்கத்தில் இது அன்றாடம் நடப்பது.

"பஸ்ஸுக்குப் போவோம்" என்றார் மச்சான்.

"அய்யா" என்றாள் காளீஸ்வரி. "தண்ணியில்லாட்டியும் பரவால்ல. நாஞ் சொமந்துக்கிருவேன். இங்கிட்டு தெருக்கொழா எங்கயாச்சும் இருக்கும்ல."

"ஒங்க ஆத்தா இடுப்பப் பாத்தியா, இல்லியா?"

"பாத்துருக்கேன்."

"அப்பறம் என்ன பேச்சு? வா."

அவள் அழவில்லை. பூக்காரம்மாவிடம் வாங்கிய சரத்தைத் தலையில் வைக்காமல் கையில் சுருட்டிக்கொண்டாள். பிறகு என்னிடம், "மாமா, அந்த வீட்டு வாசல் வழியா நடந்து போவோம். உள்ள போக வேணாம். பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

மனுதாரர் வாசலை மிதிக்கக் கூடாது என்பது விதி. விசாரணை முடிந்துவிட்டதால் விதி காலாவதி என்று தீர்ப்புச் சொன்னேன். மச்சான் முன்னால் நடந்தார்.

வாசல்

சந்தின் நடுவில் பச்சைக் கதவு போட்ட வீடு. கதவு பாதி திறந்திருந்தது. வாசற்படிக்குப் பக்கத்து ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வந்து, தெருச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. பளிங்கு மாதிரித் தண்ணீர்.

மச்சான் நின்றார். நானும் நின்றேன். காளீஸ்வரி நிற்கவில்லை. செருப்பை உதறிவிட்டு, யார் வீடு, என்ன முறை என்று ஒன்றும் யோசிக்காமல், பச்சைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். எங்கள் பக்கத்துப் பெண் எவளும் அதைத்தான் செய்திருப்பாள். வீட்டில் தீப்பிடித்தால்கூடக் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பாள். தண்ணீர் வீணாகப் போனால் காத்திருக்க முடியாது.

முற்றத்தில் ஒரு குழாய். அதன் கீழே பித்தளை அண்டா நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை இறுக்கி அடைத்துவிட்டு, "அண்டா நெறஞ்சா அடைக்கணும்னு தெரியாதா? மனுசங்கதானா நீங்க?" என்று சத்தம் போட்டாள்.

அடுப்படியிலிருந்து ஒரு அம்மாள் கரண்டியோடு வந்தார். "யாரும்மா நீ? கார்ப்பரேசன் தண்ணி, போனாப் போகுது. அதுக்காக வீட்டுக்குள்ள வந்து..." பாதியில் நிறுத்தி, உற்றுப் பார்த்தார். "ஏய், நீ போட்டோவுல பாத்த புள்ளல்ல?"

அப்போதுதான் காளீஸ்வரிக்கு எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தது. மாடிப்படியில் கையெல்லாம் அச்சு மையோடு ஒரு பையன் உறைந்து நின்றான். "நாந்தான் தெறந்து விட்டேன். மறந்துட்டேன்" என்றான், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்புக்கொள்வதைப் போல.

மச்சான் இதற்குள் முற்றத்துக்கு வந்துவிட்டார். பிரஸ்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் மச்சான் ஆரம்பித்தார். "என்னய்யா இது? இந்த வீட்டுல தண்ணி ஒரு சொட்டுக் கெடையாதுன்னு தெருவே சொல்லுது. இங்க என்னடான்னா வாசல் வரைக்கும் ஓடுது!"

பிரஸ்காரர் முகம் வெளுத்தது. "ஓடுதா? எவன் சொன்னான்? நான் விட்டு எத்தனையோ வருசமாச்சுங்க. அழகர் மேல சத்தியம். வேணும்னா வாயை ஊதிக் காட்டுறேன்."

"வாய எதுக்கு ஊதணும்?"

"தண்ணி போட்டிருக்கேனான்னு தெரிய வேணாமா?"

முதலில் அந்த அம்மாள்தான் சிரித்தார். கரண்டியைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தார். "அய்யோ, இவுக இந்தத் தண்ணியக் கேட்டுருக்காக! தெரு அந்தத் தண்ணியச் சொல்லியிருக்கு!" நான் ஒவ்வொரு சாட்சியாக மனதில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். தெரு முழுக்க அந்த வீட்டைக் கும்பிடாத குறையாகப் புகழ்ந்திருந்தது.

காளீஸ்வரி தலை குனிந்து, நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீர் துளசித் தொட்டியில் விழும்படி பார்த்துக்கொண்டாள். பிரஸ்காரர் அதைக் கவனித்தார்.

"அண்ணே" என்றார் மச்சானிடம். "ஒங்க மக எங்க வீட்டுக் கொழாய அடச்சுட்டா. இனிமே அவளா வந்து தெறந்தாத்தான் உண்டு. எப்ப வருவான்னு சொல்லுங்க."

மச்சான் நேராகக் குழாயடிக்குப் போனார். கீழே ஒரு செம்பை வைத்தார். திறந்தார். வந்தது. குழாய்க்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, சுவருக்குள் போகிற இரும்புக் குழாயைத் தட்டிப் பார்த்தார். செம்பு நிறைந்ததும் அடைத்தார். நின்ற இடத்திலேயே அண்ணாந்து முழுக்கக் குடித்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு, "வைகாசியிலயே வச்சுக்கிருவோம்" என்றார்.